முட்டியை நீட்டு!

சம்பந்தி வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நான் கூடத்தில் பீரோவுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் டார்ச் லைட். இன்னொரு கையில் ஒட்டடைக் கம்பு.

“என்ன, சம்பந்தி எதையோ தேடறாப்பல இருக்கே?” என்றார் சம்பந்தி.

என் மனைவி ஒரு விநாடி யோசித்தாள். மோதிரம், மாத்திரை, மூக்குக்கண்ணாடி என்று எத்தனையோ கௌரவமான பொய்கள் இருக்கின்றன. ஆனால் அவளுக்குப் பொய் வராது. (எனக்கு வரும். அந்தக் கதைதான் இது.)

“கோலிக்குண்டு” என்றாள்.

சம்பந்தியம்மாள் தன் கணவரைப் பார்த்தார். ‘பெண்ணைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தோமே, பெண்ணோட அப்பாவைப் பற்றி ஒரு இடத்திலாவது விசாரித்தோமா?’ என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பீரோவுக்கு அடியில் இருந்தாலும் எனக்கு அது தெரிந்தது.

எனக்கு வயது 64. வங்கியில் 37 வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு, இப்போது என் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருப்பவன். மதுரையில் சொந்த வீடு, உடம்பில் சொந்தச் சர்க்கரை. இந்த லட்சணத்தில் பொழுதுபோக்கு, பழைய கோலிக்குண்டு சேர்ப்பது.

ஸ்டாம்ப் சேர்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். “அப்படியா சார்!” என்று மரியாதையாகக் கேட்பார்கள். காசு சேர்த்தால், “நாணயமான மனுஷர்” என்று சிலேடை வேறு. கோலிக்குண்டு என்று சொன்னால் மட்டும், “வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?” என்று பரம்பரை வியாதி மாதிரி விசாரிக்கிறார்கள்.

மதுரைக்குப் பக்கத்திலேயே கீழடி. அங்கே மண்ணுக்கு அடியில் கிடைத்த சுடுமண் ஆட்டக்காய்களையும் வட்டச் சில்லுகளையும் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் நாகரிகம். என் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருந்தால் கிறுக்கு. இது என்ன நியாயம் சார்?

*

எல்லாம் 2021 ஜூன் மாதத்தில் ஆரம்பித்தது. நான் ரிட்டயர் ஆன மாதம். கொரோனா காலம். பிரிவு உபசார விழாவே கம்ப்யூட்டரில்தான் நடந்தது. மேனேஜர் சால்வையைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டினார். நான் இந்தப் பக்கம் கழுத்தை நீட்டினேன். சால்வை பத்து நாள் கழித்து கூரியரில் வந்தது.

மறுநாளே மனைவி, “சும்மாதானே இருக்கீங்க, பரணைக் காலி பண்ணுங்க” என்றாள். பரணில் உடைந்த ஃபேன், அம்மாவின் அரிவாள்மணை, பெண்ணின் பழைய மூன்று சக்கர சைக்கிள். எல்லாவற்றுக்கும் பின்னால், துணி சுற்றி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே என் சின்ன வயசுக் கோலிக்குண்டுகள். வெளிர் பச்சையில் சோடாக் குண்டுகள் முப்பது, உள்ளே பூ போட்ட கலர் குண்டுகள் பத்து, லாரி பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்று. அப்புறம், அடியில், பெரிய எலுமிச்சம்பழத்தில் பாதி இருக்கும், ஒரு கண்ணாடிக் குண்டு.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் மஞ்சள் நூலால் பின்னினது மாதிரி ஒரு வலைக்கூடு. அதைச் சுற்றி சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக ரிப்பன்கள் முறுக்கிக்கொண்டு மேலிருந்து கீழே போயின. பேரனின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தால், ரிப்பன்கள் போய்ச் சேரும் இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு சொரசொரப்பு.

அந்தச் சொரசொரப்பு என்ன என்று தேடப் போனவன்தான். இன்னும் திரும்பவில்லை.

ஜெர்மனியில் துரிங்கியா பகுதியில் லௌஷா என்று ஒரு மலையூர். கண்ணாடித் தொழிலுக்குப் பேர் போனது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குமே கண்ணாடி உருண்டைகள், அவையும் அந்த ஊர்ச் சரக்குதான். அங்கே 1840-களில் கோலிக்குண்டுக்கென்றே ஒரு கத்தரிக்கோல் கண்டுபிடித்தார்கள். ஒரு முனையில் சின்னக் கிண்ணம், இன்னொரு முனையில் வெட்டுகிற அலகு. கலர் கலரான கண்ணாடிக் குச்சிகளை ஒன்றாக அடுக்கி, உருக்கி, முறுக்கி, ஒரு நீளமான கம்பியாக இழுப்பார்கள். நம் ஊர் மிட்டாய்க்காரர் ஜவ்வு மிட்டாய் இழுப்பாரே, அந்த மாதிரி. கம்பியின் நுனியைக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றிச் சுழற்றி உருண்டையாக்கி, கடைசியில் ஒரே வெட்டு. அந்த வெட்டுக்காயம்தான் நான் பார்த்த சொரசொரப்பு.

நான் அதற்குத் தொப்புள் என்று பெயர் வைத்திருக்கிறேன். கையால் பிறந்த குண்டுக்குத் தொப்புள் உண்டு. மிஷினில் பிறந்ததுக்குக் கிடையாது. அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் கிறிஸ்டென்சன் என்பவர் 1905-ல் குண்டு உருட்டும் மிஷினுக்குப் பேடன்ட் வாங்கினார். அதற்குப் பிறகு முதல் உலகப் போர் வந்து ஜெர்மன் சரக்கு வெளியே போவது நின்றது. மிஷின் ஜெயித்தது. கைக்குண்டுகள் பழம்பொருள் ஆகிவிட்டன.

ஆக, என் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்தது நூறு வயது தாண்டிய ஜெர்மன் சீமாட்டி!

*

அப்புறம் என்ன? பைத்தியம் முற்றியது.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியே வந்த பழைய சாமான்கள் எல்லாம் அங்கேதான் கடை பரப்பியிருக்கும். எனாமல் சட்டி, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம், பர்மாத் தேக்குக் கதவு. அங்கே ஒரு கடையில் பித்தளைச் சொம்பு நிறையக் கோலிக்குண்டு இருந்தது. ஆர்வக்கோளாறில், விலை கேட்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துவிட்டேன். அதுவரை பத்து ரூபாய்க்கு விற்ற குண்டு, லென்ஸைப் பார்த்ததும் நானூறு ஆனது. கோலி சேர்ப்பவருக்கு முதல் பாடம்: முதலில் விலை, அப்புறம் லென்ஸ்.

இரண்டாவது பாடம், காயம். குண்டோடு குண்டு மோதினால் மேலே சின்னதாக ஒரு பிறை விழும். கண்ணாடிக்குள் மூன்றாம் பிறை மாதிரி வெள்ளையாகத் தெரியும். அது ஒன்று விழுந்தாலே விலை சரிந்துவிடும். யாரும் விளையாடாத குண்டுக்குத்தான் மதிப்பு. சிலர் கெட்டிக்காரத்தனமாக மேல்பரப்பைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடுவார்கள். பிறை போய்விடும், கூடவே தொப்புளும் போய்விடும். தொப்புள் போனால் பாதி மரியாதை போச்சு.

மூன்றாவது, புற ஊதா விளக்கு. வங்கியில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருப்போமே, அதேதான். சில பழைய கண்ணாடியில் நிறத்துக்காகத் துளி யுரேனியம் கலந்திருப்பார்கள். விளக்கை அடித்தால் இருட்டில் பச்சைப் பசேலென்று ஜொலிக்கும். இதை நான் பெருமையாகச் சொல்லிக் காட்டிய அன்று, “யுரேனியமா!” என்று அலறி, பேரனைத் தூக்கிக்கொண்டு மனைவி மாடிக்கு ஓடிவிட்டாள். அதில் இருப்பது மிக மிகக் கொஞ்சம், வீட்டில் வைத்திருப்பதால் ஒன்றும் ஆகாது என்று மாடிப்படியில் நின்றபடி அரை மணி நேரம் விளக்கினேன்.

வங்கிக்காரன் அல்லவா, எல்லாவற்றுக்கும் லெட்ஜர் போட்டேன். எண், அளவு, வகை, கிடைத்த ஊர், யாரிடமிருந்து, விலை. ஆறு காலம். மூன்றரை வருஷத்தில் 212 குண்டுகள். ஒன்றாம் நம்பர் அந்த ஜெர்மன் சீமாட்டி. 32 மில்லிமீட்டர். உடம்பில் ஒரு பிறைகூட இல்லை. சென்னையிலிருந்து வந்த ஒரு வியாபாரி எட்டாயிரம் தருகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. “சின்ன வயசுல ஜெயிச்சது” என்று மட்டும் சொன்னேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள், லெட்ஜரைத் தூசி தட்டிக்கொண்டிருந்த மனைவி முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, ‘யாரிடமிருந்து’ங்கற காலம் எல்லாத்துக்கும் இருக்கு. ஒண்ணாம் நம்பருக்கு மட்டும் ஏன் காலியா விட்டிருக்கீங்க?”

37 வருஷத்தில் எந்த ஆடிட்டரும் என்னை அப்படி மடக்கியதில்லை.

*

1972. தேவகோட்டை. எனக்குப் பதினொரு வயது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார்.

எங்கள் தெருவில் ஒரு சோடாக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் திண்ணையில் ஒரு மிஷின். பாட்டிலை அதில் படுக்க வைத்து, மூடியைப் பூட்டி, சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுவார்கள். லண்டனில் ஹிராம் காட் என்று ஒரு மனிதர் 1872-ல் பேடன்ட் வாங்கிய பாட்டில் அது. அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து எங்கள் தெருத் திண்ணையில் சுற்றிக்கொண்டிருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பாட்டிலுக்கு உள்ளே கண்ணாடிக் குண்டு. கேஸின் அழுத்தம் குண்டை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து அடைத்துக்கொள்ளும். கட்டை விரலால் ஒரு குத்து விட்டால் ‘ப்ஸ்ஸ்’ என்று உள்ளே விழும். அந்தக் காலத்து அரசியல் கூட்டங்களில் இந்தச் சோடாப் புட்டி, பேச்சாளர் குடிப்பதற்கும் உதவியது, பேச்சாளர் மேல் வீசுவதற்கும் உதவியது.

எங்களுக்கு முக்கியம் உடைந்த புட்டிதான். உடைந்தால் குண்டு! கம்பெனிக்காரர் மகன் என் வகுப்பு. அவனுக்குத் தெருவில் பெயரே ‘சோடா’. அவன் அரைக்கால் சட்டைப் பை எப்போதும் குண்டுகளால் தொங்கும். டாட்டா பிர்லாவைவிட எங்களுக்கு அவன்தான் பணக்காரன்.

ஆனால் அந்தப் பணக்காரனுக்கும் ஒரு ஏக்கம். என்னிடம் இருந்த இரும்புக் குண்டு. ஒர்க் ஷாப்பில் ஒரு வாரம் காவல் கிடந்து வாங்கியது. “அதை வெச்சு ஆடுறியா?” என்றான். “நீ என்ன வெப்பே? சோடாக் குண்டு நூறு குடுத்தாலும் மாட்டேன்” என்றேன்.

வீட்டுக்குள் ஓடினான். திரும்பி வந்தபோது மூடிய கைக்குள் இதைக் கொண்டுவந்தான். தெருவே வாயைப் பிளந்தது.

பேந்தா ஆட்டம். எங்கள் தெரு விதிப்படி கடைசி அடி அடித்த பின் நம் குண்டு கோட்டைத் தாண்டி நிற்க வேண்டும். கோட்டின் மேல் நின்றால் தோற்றோம். நான் அடித்தேன். குண்டு உருண்டு போய், சரியாகக் கோட்டின் மேல் நின்றது. அந்த நேரம் பார்த்து, “சோடா எடுத்து வைடா” என்று அவன் அப்பா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். அவன் திரும்பினான்.

நான் கால் பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினேன்.

அவ்வளவுதான். ஒரு விரற்கடைகூட இருக்காது.

அவன் திரும்பிப் பார்த்தான். குண்டையும் கோட்டையும் பார்த்தான். ஒன்றும் பேசாமல் கையிலிருந்ததை என் கையில் வைத்தான்.

மறுநாள் நான் விளையாடப் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அதற்கு மறுநாளும் காய்ச்சல். அடுத்த மாதம் அப்பாவுக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டே கிளம்பினோம். பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அதற்கப்புறம் அந்தக் குண்டை வைத்து நான் ஒரு நாள்கூட விளையாடவில்லை. அதன் மேல் ஒரு பிறைகூட இல்லாத ரகசியம் அதுதான்.

இத்தனையையும் சொல்லி முடித்தேன். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். லெட்ஜரை மூடி என் மடியில் வைத்து, “தேவகோட்டைக்கு பஸ் எத்தனை மணிக்கு?” என்றாள்.

*

தெரு மாறியிருந்தது. திண்ணை இல்லை. ஆனால் வீடு இருந்தது. வாசலில் புது போர்டு, புது மிஷின். எண்பதுகளில் மூடி போட்ட பாட்டில்கள் வந்து கம்பெனியை இழுத்துச் சாத்திவிட்டார்களாம். 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் கூல்டிரிங்க் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன அல்லவா, அப்போது சோடாவின் மகன் மறுபடி ஆரம்பித்திருக்கிறான். “இப்ப கோலிசோடா கல்ஃப் வரைக்கும் போகுது சார்” என்றான் பெருமையாக.

உள்ளே நாற்காலியில் சோடா. கண்ணில் தடிமனான கண்ணாடி. சோடா, சோடாப்புட்டி ஆகியிருந்தான்.

“யாரு?”

“வாத்தியார் மகன்.”

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். “அட, வாடா! காய்ச்சல் விட்டுடுச்சா?” என்றான்.

52 வருஷம் கழித்து அவன் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுபோனதை எடுத்து நீட்டினேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றி, குண்டைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஒரு படத்துக்கு முன்னால் நின்றான். காதில் தண்டட்டி போட்ட கிழவி.

“எங்க அப்பத்தாவைத் தெரியும்ல?”

தெரியும். எங்களுக்குத் தாகம் எடுத்தால் பானைத் தண்ணி கொடுத்த கிழவி.

“இது எங்க பெரியப்பாவோடது” என்றான்.

அவனுக்குப் பெரியப்பா இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அவன் சொன்னது இதுதான்:

அவன் தாத்தாவுக்கு ரங்கூனில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையல் வேலை. மூத்த பிள்ளைக்கு ஒன்பது வயது. அங்கே படிக்கட்டும் என்று கூட வைத்திருந்தார். அப்பத்தா கைக்குழந்தையோடு தேவகோட்டையில். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கான ஜனங்கள் 1942-ல் காடும் மலையுமாக இந்தியாவுக்கு நடந்தார்கள். காலரா, மலேரியா, பசி. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. தாத்தா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் பிள்ளைக்குக் காய்ச்சல்.

“தாத்தா மட்டும் வந்து சேர்ந்தாரு. வேட்டி மடிப்புல இந்தக் குண்டு இருந்துச்சாம். ரங்கூன் பஜார்ல அந்தப் புள்ளைக்கு வாங்கிக் குடுத்தது. அப்பத்தா இதை அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கும். தினம் அரிசி அளக்கறப்ப ஒருதரம் கையில எடுத்துப் பாத்துட்டு மறுபடி உள்ள போடும்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. நூறு வயது, லௌஷா, எட்டாயிரம் ரூபாய் என்று என்னென்னவோ தெரிந்து வைத்திருந்தேன். தெரிய வேண்டிய ஒன்று தெரியவில்லை.

“டேய்... அன்னிக்கு நான் கள்ளாட்டம் ஆடினேன்டா. கால் விரலால...”

“தெரியும். மண்ணுல உன் பெருவெரல் கோடு இழுத்திருந்துச்சு.”

“அப்ப ஏன் கத்தலே?”

“கத்துனா பெரியவுங்க வருவாங்க. இது எப்புடிடா வெளிய வந்துச்சுன்னு கேப்பாங்க. சரி, நாளைக்கித் திருப்பி ஜெயிச்சுக்கலாம்னு இருந்தேன். நீதான் நாளைக்கி வரலியே.”

“அப்பத்தா தேடலியா?”

“தேடுச்சு. அரிசியெல்லாம் முறத்துல கொட்டித் தேடுச்சு. உமி மூட்டையைக்கூடப் பிரிச்சுப் பாத்துச்சு. எலி உருட்டிக்கிட்டுப் போயிருக்கும்னு அதுவே சொல்லிக்கிடும். 1979-ல செத்துப் போறவரைக்கும் பொந்து கண்ட எடமெல்லாம் குச்சியை விட்டுப் பாக்கும். நான்தான் எடுத்தேன்னு நானும் கடைசிவரை சொல்லலடா.”

ரெண்டு பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் சுவரில் இருந்தாள். அவனாலும் முடியாது, என்னாலும் முடியாது.

அவன் மகன் ரெண்டு கோலிசோடா கொண்டுவந்து வைத்தான். குடித்தோம். அப்போது பள்ளிக்கூடம் விட்டு அவன் பேத்தி வந்தாள். ஒன்பது வயதிருக்கும். சோடா அவளைக் கூப்பிட்டு, “இந்தா, இது உன்னோட பெரிய தாத்தா குண்டு” என்று அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டான். அவள் ஒரே ஓட்டமாக முற்றத்துக்கு ஓடினாள்.

முற்றம் சிமென்ட் தரை! எனக்குள் இருந்த கோலி சேர்ப்பவன் துள்ளி எழுந்தான்.

“டேய், டேய், அது ரொம்பப் பழசுடா. கீழே உருட்டினா பிறை விழும். பஞ்சுல வெச்சு...”

“குண்டுன்னா உருட்டத்தான்டா” என்றான். “அரிசிக்குள்ள முப்பது வருசம், உன் பாட்டில்ல அம்பது வருசம். அந்தப் புள்ளை வெளையாடுன பொருளு. வேற ஒரு புள்ளை வெளையாடட்டும்.”

முற்றத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். முதல் பிறை.

நான் கிளம்ப எழுந்தேன். “எங்க போறே? பாக்கி இருக்குல்ல?” என்றான்.

“என்ன பாக்கி?”

“கள்ளாட்டம் ஆடினா என்ன தண்டனை? வாத்தியார் மகன்தானே, மறந்துட்டியா? முட்டியை நீட்டு!”

வாசகர்களில் கோலி ஆடியவர்களுக்கு இது தெரியும். தோற்றவன் கையைக் குத்தாக மடக்கித் தரையில் வைக்க வேண்டும். ஜெயித்தவன் குண்டால் விரல் முட்டியைக் குறிபார்த்து அடிப்பான். அறுபத்துச் சொச்சம் வயதில், முற்றத்துச் சிமென்ட் தரையில் உட்கார்ந்து, கையை மடக்கி நீட்டினேன். சோடா எதிரில் முக்கி முனகி உட்கார்ந்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சோடாக் குண்டை நடுவிரலில் வைத்து வில் மாதிரி பின்னால் இழுத்தான்.

முதல் அடி என்னைத் தாண்டிப் போய் அரிசி மூட்டையில் பட்டது. இரண்டாவது, முட்டியில் சரியாக. உயிர் போய்த் திரும்பி வந்தது.

“மூணாவது நீ அடி” என்று பேத்தியிடம் கொடுத்தான். அந்தக் குழந்தைக்கு நல்ல குறி. பரம்பரைத் திறமை.

கிளம்பும்போது அடித்த குண்டை என் சட்டைப் பையில் போட்டான். “இது உனக்கு. கள்ளம் இல்லாம குடுத்தது.”

*

ராத்திரி வீட்டில் மனைவி முட்டியில் தைலம் தடவினாள். அப்புறம் லெட்ஜரை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றாம் நம்பரில் காலியாக இருந்த இடத்தில் அவன் பெயரை எழுதினேன். சோடா என்றல்ல, பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் இருந்த நிஜப் பெயர். எதிரே, ‘திருப்பிக் கொடுத்தாயிற்று’. 213-ஆம் நம்பர்: சோடாக் குண்டு, வெளிர் பச்சை, தேவகோட்டை, அதே பெயர். விலை என்ற இடத்தில், ‘இரண்டு முட்டி’.

அந்த 213-தான் சம்பந்தி வீட்டார் வந்த அன்று பீரோவுக்கு அடியில் உருண்டு போனது. கடையில் இரண்டு ரூபாய் பெறாது. மேலே பிறைகள் அத்தனை இருக்கின்றன, ஒரு பஞ்சாங்கமே போடலாம்.

கிடைத்ததா என்று கேட்கிறீர்களா?

நான் ஒட்டடைக் கம்போடு திணறுவதைப் பார்த்துவிட்டு, சம்பந்தியம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பீரோவுக்குப் பக்கவாட்டில் கையை விட்டு, ஒரே துழாவில் எடுத்துவிட்டார். எடுத்தவர் என்னிடம் கொடுக்கவில்லை. ஊதித் தூசியைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, நடுவிரலில் வைத்து மெதுவாகப் பின்னால் இழுத்துப் பார்த்தார்.

“பேந்தாவுல எங்க அண்ணன் மூணு பேரையும் ஜெயிச்சிருக்கேன்” என்றார். “ஏன் சம்பந்தி, வீட்டுல இன்னொரு குண்டு இருக்குமா?”